குற்றப் படங்களும் என் அளவுகோலும்

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் நம்மில் பலர் பேருந்தில் போய் வருகிறோம். வழியில் வடுவூர் வந்ததும் ஏரியும் பறவைகளும் கோதண்டராமர் கோயிலும் நினைவுக்கு வரும். விளையாட்டு வீரர்களுக்குக் கபடி நினைவுக்கு வரும். துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டையே படிக்க வைத்த வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ஊர் அது என்று நினைப்பவர் மிகக் குறைவு. அவருடைய ‘மேனகா’ 1935-ல் திரைப்படமாயிற்று. ‘கும்பகோணம் வக்கீல்’ கதையைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-ல் ‘திகம்பர சாமியார்’ என்ற பெயரில் எடுத்தார்கள். பிற்காலத்தில் வில்லனாகவே நாம் அறிந்த எம்.என். நம்பியார் அதில் கதாநாயகன்! வேடத்துக்கு மேல் வேடம் போட்டுத் துப்பறிகிறார். அதில் அகப்படுபவன் ஏழை எளியவன் அல்லன், படித்துப் பட்டம் பெற்ற வக்கீல். ஆகவே குற்றப் படங்களைப் பற்றி எழுத மன்னார்குடிப் பக்கத்துக்காரனுக்கு ஓர் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகைப் படங்களை நான் விடாமல் பார்ப்பவன். “இடைவேளைக்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாயா?” என்று விடுதி நண்பர்கள் பந்தயம் கட்டுவார்கள். ஒரு காலத்தில் எனக்கும் அதில்தான் பெருமை. இப்போது நான் மதிப்பெண் போடும் முறை வேறு. குற்றம் செய்யாமலே சந்தேகத்துக்கு ஆளானவரை அந்தப் படம் எப்படி நடத்துகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

பாமணியாற்றங்கரையில் எங்கள் வீடு. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, தை அறுவடை சமயத்தில், அத்தையின் இரண்டு பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. அன்று களத்திலிருந்து மூட்டை சுமந்து வந்து பத்தாயத்தில் நெல் கொட்டியவர் ஒருவர். “அவன் உள் அறைப் பக்கம் போனானாடா?” என்று அப்பா கேட்டார். “போனார்” என்றேன். உண்மையில் பார்த்தேனா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கேட்ட வேகத்தில் பார்த்தது போலவே தோன்றிவிட்டது. அவரை அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் காலை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஆவணி மாதம் பத்தாயத்தின் அடி நெல்லை வழித்தபோது சங்கிலி கிடைத்தது. அன்று உள்ளே இறங்கி நெல்லை நிரவியது அத்தைதான். அது யாருக்கும் நினைவில்லை. அதற்குள் அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் தேடிப் போய்ச் சொல்லவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ‘அந்த நாள்’ பார்த்தேன். ஏவி.எம். நிறுவனத்துக்காக வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ல் வெளிவந்த படம். ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாட்டு இருந்த காலத்தில், ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய மறுநாள், ரேடியோ எஞ்சினியர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் தொடக்கத்திலேயே பிணம் என்றால் அன்றைய ரசிகர்கள் எப்படித் தாங்கினார்களோ!

குரோசாவாவின் ‘ராஷோமான்’ (1950) படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அங்கே நடந்த ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். இங்கே ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சுட்டுகிறார்கள். ராஜனின் தம்பி தன் மனைவியையே சந்தேகிக்கிறான். அந்தச் சந்தேகங்களை இயக்குநர் நடந்தது போலவே திரையில் காட்டிவிடுகிறார். நாமும் “இவள்தான்” என்று நம்பி உட்கார்ந்திருப்போம். அடுத்தவர் வாயைத் திறந்ததும், நாம் கண்ணால் கண்டது இல்லாமற் போகும். எனக்கு அப்போது பத்தாயம்தான் நினைவுக்கு வந்தது. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார். எல்லோரையும் பேச வைத்தே அவர் உண்மையை நெருங்குகிறார். முடிவைச் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள்.

‘புதிய பறவை’ (1964) முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே குற்றவாளியை ஒருவரும் அடிப்பதில்லை. அவன் காதலை வைத்தே வலை பின்னி, அவன் வாயாலேயே வரவழைக்கிறார்கள். சட்டம் வென்ற நிமிடத்தில் நமக்கு மகிழ்ச்சி வரவில்லை என்பதே தாதா மிராசியின் வெற்றி.

‘சிவப்பு ரோஜாக்கள்’ (1978) பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பாரதிராஜா பயமுறுத்தத் தெரிந்தவர், இளையராஜாவின் இசை இன்றும் குளிர வைக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கொலைகாரன் சிறுவயதில் பட்டதெல்லாம் நமக்கு விவரமாகத் தெரிகிறது. ரோஜாத் தோட்டத்தின் அடியில் கிடக்கும் பெண்கள் யார், எந்த ஊர், யாருடைய மகள்? எதுவும் தெரியாது. அவர்கள் நடத்தைதான் காரணம் என்பது போல ஒரு வாடை வேறு அடிக்கிறது. இரண்டாண்டு கழித்து வந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யிலும் இந்தக் குறை உண்டு. இருந்தாலும் அதில் சிறைப்பட்ட பெண்ணின் முகத்தைக் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது. ஷோபாவுக்காகவே பத்து மதிப்பெண் கூட்டிப் போடுவேன்.

சுஜாதாவின் கணேஷைப் பாட்டுப் பாட வைத்த ‘ப்ரியா’வை (1978) துப்பறியும் படம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். சிங்கப்பூர் பார்க்க நல்ல படம்.

அண்மைக் காலத்தில் நம் மாணவர்கள் அதிகம் கொண்டாடியது ‘ராட்சசன்’ (2018). நானும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். துப்பு ஒன்றிலிருந்து ஒன்று அவிழும் கணக்கில் பிசகில்லை. ஆனால் விளையும் பயத்தில் பாதி, நோயால் முகம் மாறிப்போன ஒருவனின் தோற்றத்திலிருந்து வருகிறது. அத்தகைய தோற்றத்தோடு பிறந்த பிள்ளை ஒன்று நம் வகுப்பில் இருந்தால், படம் பார்த்துவிட்டு வந்த நாம் அதை எப்படிப் பார்ப்போம்?

வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2016) எனக்கு எல்லாவற்றுக்கும் மேல். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தாம் பட்டதை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து பிறந்த படம். பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களைச் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். “இது துப்பறியும் படமே இல்லையே, இதில் துப்பு எங்கே?” என்றான் என் அறை நண்பன். துப்பே இல்லாமல் வழக்கு எப்படி முடிக்கப்படுகிறது என்பதுதானே கதை! 1993-ல் நடந்த கம்மாபுரம் வழக்கை வைத்து வந்த ‘ஜெய் பீம்’ (2021) படத்திலும் தொடக்கம் ஒரு நகை காணாமற் போவதுதான். அதை அத்தையோடு சேர்ந்து பார்த்தேன். பாதியில் அத்தை எழுந்து போய்விட்டார்.

நம் திருவாரூர் மாவட்டத்திலேயே படமாக்கத்தக்க வழக்கு ஒன்று கிடக்கிறது. பத்தூரில் 1976-ல் மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கையில் பழைய நடராசர் சிலை கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே வழக்கு நடந்து, கோயிலின் சார்பில் உரிமை நிலைநாட்டப்பட்டு, 1991-ல் நடராசர் தாயகம் திரும்பினார். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ‘ஊமை விழிகள்’ எடுத்தார்கள். பத்தூர் வழக்கை நம் கல்லூரி மாணவர் எவரேனும் எடுக்க முன்வந்தால், அந்தக் கூலித் தொழிலாளியின் வீட்டிலிருந்து கதையைத் தொடங்கச் சொல்வேன். வசனம் எழுத நான் தயார்.