ஜனாதிபதிக்கு ஜோடி யார்?

கல்பாத்தி: அமெரிக்காவில் தேர்தல் வந்துவிட்டால் கல்பாத்தி அக்ரகாரத் திண்ணைகளிலும் அதே பேச்சுதான். பிள்ளையோ பெண்ணோ அந்த நாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் இங்கே பல. ஜனாதிபதி வேட்பாளர் இன்னார் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி பிறந்துவிடும்: "அவருக்குத் துணை யார்?"

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே ஜனாதிபதி தேர்தல் வேறு, துணை ஜனாதிபதி தேர்தல் வேறு. பாலக்காட்டுக்காரரான டி.என். சேஷன் 1997-ல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டார். ஜோடி இல்லாமல் தனியாகத்தான் நின்று தோற்றார். திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதியானார். அந்த ஆண்டில் ஜனாதிபதி தேர்தலே இல்லை.

அமெரிக்காவில் அப்படி அல்ல. இருவரும் ஓட்டுச் சீட்டில் ஜோடியாக நிற்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ஜோடியைப் பொறுக்கி எடுப்பவர் ஜனாதிபதி வேட்பாளர். அவர் வாய் திறக்கும்வரை ஊருக்கெல்லாம் ஊகம்தான்.

தப்பிய கணக்கு

2020-ல் ஜோ பைடன், "பெண் ஒருவரையே நிறுத்துவேன்" என்று மார்ச் மாதமே அறிவித்துவிட்டார். எலிசபெத் வாரன், சூசன் ரைஸ் என்று பல பெயர்கள் அடிபட்டன. ஆகஸ்டு 11-ந் தேதி கமலா ஹாரிஸ் பெயர் வந்தது. அவருடைய தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். தேர்தலின்போது அந்த ஊர்க் கோவிலில் பூஜை நடத்தினார்கள்.

2024-ல் பைடன் விலக, ஜோடி தேடும் வேலை கமலாவுக்கே வந்தது. பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷாபிரோதான் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். அந்த மாநிலத்துக்கு 19 தேர்தல் ஓட்டுகள். முதல் கூட்டமும் அங்கேயே, பிலடெல்பியாவில். ஆனால் ஆகஸ்டு 6-ந் தேதி கமலாவின் ஜோடியாக மேடை ஏறியவர் மினசோட்டா கவர்னர் டிம் வால்ஸ்! நவம்பரில் பென்சில்வேனியா டிரம்ப் பக்கம் போயிற்று.

நாற்காலி காலியானால்?

எந்த மாநிலம் கிடைக்கும், எந்தப் பிரிவினர் ஓட்டு விழும் என்பது தேர்தல் கணக்கு. கேட்கவேண்டிய கேள்வி வேறு. நாளைக் காலையில் நாற்காலி காலியானால் இவர் அதில் உட்காரத் தக்கவரா?

1945-ல் ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். உலகப் போர் முடியாத நேரம். அணுகுண்டு பற்றிய முழு விவரமே ட்ரூமனுக்குப் பதவி ஏற்ற பிறகுதான் சொல்லப்பட்டது. இப்படிப் பாதியில் ஜனாதிபதி நாற்காலிக்கு வந்த துணை ஜனாதிபதிகள் அமெரிக்காவில் 9 பேர்.

நம் நாட்டிலும் 1969 மே 3-ந் தேதி ஜனாதிபதி ஜாகீர் உசேன் காலமானார். அவருடைய பொறுப்பை ஏற்றவர் துணை ஜனாதிபதி வி.வி. கிரி. அதற்கு முன் கேரள கவர்னராக இருந்தவர் அவர்.

2028-ல் அமெரிக்கத் தேர்தல் வரும்போது திண்ணையில் மறுபடியும் பெயர்கள் அடிபடும். யார் ஓட்டுக் கொண்டு வருவார் என்று கேட்பவர்கள், யார் நாட்டைப் பார்த்துக்கொள்வார் என்றும் சேர்த்துக் கேட்கட்டும்.