வானத்தில் ஒரு தரை

2021 பிப்ரவரி 7 அன்று இராமேஸ்வரத்திலிருந்து ஒரு ஹீலியம் பலூன் மேலே போனது. அதில் நூறு குட்டிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4 சென்டிமீட்டர். நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த மாணவர்கள் செய்தவை. செய்தித்தாள்கள் அவற்றைச் செயற்கைக்கோள் என்றே எழுதின. பூமியைச் சுற்றி வராததால் அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தாது. ஆனால் குறிவைத்த உயரம் 30 கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்துல் கலாம் பிறந்த ஊரிலிருந்து அது புறப்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த மாதிரிப் பெட்டிக்குள் உட்காரும் சர்க்யூட்டை முதலில் மேசைமேல் கோத்துப் பார்ப்பதுதான் வழக்கம். அதற்கென்றே இருக்கிறது அர்டுயினோ போர்டு. இத்தாலியின் இவ்ரேயா நகரில், 2005-இல், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கை வைக்கட்டும் என்று உருவானது. அதன் 'ஊனோ' என்ற மாதிரியைக் கையில் எடுத்தால் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள். அவற்றில் 14 டிஜிட்டல் பின்கள், 6 அனலாக் பின்கள். அவற்றைத் தவிர 5 வோல்ட், 3.3 வோல்ட், வின் என்று சில. மூன்று துளைகளுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரே எழுத்துகள்: ஜிஎன்டி. கிரவுண்டு என்பதன் சுருக்கம். அதாவது, தரை.

முப்பது கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் பெட்டிக்கு எது தரை?

நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். உயரத்தைத் தனியாகச் சொல்ல முடியாது. எதிலிருந்து என்ற கேள்வி ஒட்டிக்கொண்டே வரும். எல்லோரும் கடல் மட்டத்தைப் பூஜ்யம் என்று ஒப்புக்கொண்டதால் ஊட்டியையும் பாம்பனையும் ஒரே அளவுகோலில் பேசுகிறோம். வோல்ட்டும் அப்படித்தான். 5 வோல்ட் பின் என்றால் கிரவுண்டு பின்னைவிட 5 வோல்ட் மேலே என்று பொருள், வேறொன்றுமில்லை. பேட்டரியின் மைனஸ் முனையை இதுதான் பூஜ்யம் என்று அந்தச் சர்க்யூட் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மண் வேண்டாம். பலூனில் போனாலும் தரை கூடவே போகிறது.

கிரவுண்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிளஸ் முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம், சில்லு, உணரி எல்லாவற்றையும் கடந்து மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தத் திரும்பும் பாதை கிரவுண்டு. பாதை அறுந்தால் ஓட்டமே இல்லை. புதிதாகக் கற்பவர்கள் பிளஸ் கம்பியைப் பத்துமுறை சரிபார்ப்பார்கள். மைனஸுக்குத் திரும்பும் கறுப்புக் கம்பியை மறந்துவிடுவார்கள்.

இந்த மறதி மிக அதிகமாகத் தொல்லை தருவது மோட்டார் வைக்கும்போது. ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். ஓர் எல்இடிக்கு அது தாராளம்: நடுவில் 220 ஓம் மின்தடை போட்டால் ஓடுவது ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர்தான். சிறிய சர்வோ மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கில் வேண்டும். அதனால் மோட்டாருக்குத் தனிப் பேட்டரி கொடுக்கிறோம். போர்டிலிருந்து கட்டளைக் கம்பி ஒன்றும் போகிறது. ஆனால் மோட்டார் கிடந்து துடிக்கும், இல்லையென்றால் அசையாது. இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களில் இரண்டு கிணறுகளை எண்ணிக்கொள்ளுங்கள். இதில் தண்ணீர் ஐந்து முழக் கயிற்றில், அதில் ஏழு முழக் கயிற்றில் என்றால் எந்தத் தண்ணீர் மேலே இருக்கிறது? கிணற்று வாய்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று தெரியாமல் சொல்லவே முடியாது. போர்டு தன் தரையிலிருந்து 5 வோல்ட் என்கிறது; மோட்டாரின் தரை எங்கே என்று அதற்குத் தெரியாது. இரண்டு மைனஸையும் ஒரு கம்பியால் சேர்த்தால் போதும், பேச்சு புரிந்துவிடும்.

அடுத்து வின். 7 முதல் 12 வோல்ட் வரை உள்ளே வரும் வாசல் அது. அங்கே ஒரு ரெகுலேட்டர் மிஞ்சியதைக் கழித்து 5 வோல்ட்டாகக் கொடுக்கும். கழித்தது வெப்பமாகிறது. படகுகளில் வைக்கும் 12 வோல்ட் பேட்டரியை வின்னில் கொடுத்து, போர்டு 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் செலவாகும் 1.2 வாட்டில் 0.7 வாட் சூடாகவே போய்விடும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பேட்டரி 14 வோல்ட்டைத் தொடும்; அப்போது இன்னும் மோசம். ஆனாலும் வின்னில் காவல் உண்டு. 5 வோல்ட் பின்னில் அதுவும் இல்லை. அந்தப் பின்னில் 12 வோல்ட்டைச் சொருகினால், 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சில்லு நொடியில் போய்விடும்.

இராமேஸ்வரத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: உப்பு. கடற்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கோத்ததும் இந்தக் காற்றுக்காகத்தான். பாலத்தையே பதம் பார்க்கும் காற்று, போர்டில் சொருகும் ஜம்பர் வயரின் முனையை விடுமா? அங்கே பச்சைக் களிம்பு படர்கிறது. போர்டின் 5 வோல்ட் கம்பியில் அந்தக் களிம்பு 5 ஓம் தடையாக உட்கார்ந்தால், 100 மில்லி ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் அங்கேயே தொலைகிறது. போர்டுக்குக் கிடைப்பது 4.5.

போர்டு நிற்காது, பொய் சொல்லும். அனலாக் பின், போர்டுக்குக் கிடைக்கும் வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து உணரியை அளக்கிறது. எல்எம்35 வெப்ப உணரி 30 டிகிரியில் 0.30 வோல்ட் தரும். சரியான 5 வோல்ட்டில் அது 61-ஆம் படி. 4.5 வோல்ட்டில் 68. நாம் எழுதிய நிரல் இன்னும் 5 வோல்ட் என்றே நம்பி அந்த 68-ஐ 33 டிகிரி என்று அச்சிடும். வெயில் ஏறவில்லை. அளவுகோல் சுருங்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை 5 வோல்ட் பின்னிலும் வைத்தால் போதும். வைக்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

பலூனுக்கு உப்பு இல்லை, குளிர் உண்டு. நம் தலைக்கு மேலே 16, 17 கிலோமீட்டரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 80 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தக் குளிரில் பேட்டரி தளரும். அளவுகோல் அங்கேயும் சுருங்கலாம்.

தரையே இல்லாத பின் என்ன செய்யும்? எதிலும் சேர்க்காத அனலாக் பின்னில் ஒரு வெற்றுக் கம்பியைச் சொருகிப் பாருங்கள். திரையில் எண்கள் தாறுமாறாக ஆடும். கையைக் கிட்டே கொண்டுபோனால் ஆட்டம் கூடும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அலையை உங்கள் உடம்பு வாங்கி அந்தக் கம்பிக்குக் கொடுக்கிறது. போர்டும் கணினியும் பேட்டரியில் ஓடும்போது தெருவில் கரண்ட் போனால், அந்த ஆட்டம் சட்டென்று குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் மின்தடையைப் போடுங்கள். கரண்ட் திரும்பி வந்தாலும் திரையில் 0 அசையாமல் நிற்கும்.