திரைக்குப் பின்னே நிற்கும் பிள்ளைகள்

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி ஒன்றில் நடைபெற்ற மாணவர் கண்காட்சியைக் காணச் சென்றிருந்தோம். அனிமேஷன் எனப்படும் அசையும் ஓவியப் படங்களும், கணினியில் வடிவமைத்த சுவரொட்டிகளும் புத்தக அட்டைகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. ஒரு திரையின் முன் தாய் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மகள் உருவாக்கிய படம் ஓடியது. ஒன்றரை நிமிடத்தில் முடிந்தும் போயிற்று. "இதுக்குத்தானா ஆறு மாசமா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சே?" என்று கேட்டார் அந்தத் தாய். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். மகளுக்கோ விடை சொல்ல நா எழவில்லை.

விடை அந்த மண்டபத்திலேயே இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு பைக்குள், அவள் வரைந்த நூற்றுக்கணக்கான தாள்களாக இருந்தது. அவற்றை எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நாற்காலி, பந்தல், வரவேற்பு, பொன்னாடை யாவும் திட்டமிடப்பட்டிருந்தன. காண வருவோர் எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்பது மட்டும் திட்டமிடப்படவில்லை.

ஒன்றரை நிமிடத்தின் கணக்கு

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கையால் வரைவோர் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவர். அப்படிச் சிக்கனமாகச் செய்தாலும் வினாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு 1,080 ஓவியங்கள்! கிழித்தெறிந்தவையும் திருத்தி வரைந்தவையும் இக்கணக்கில் சேரா. கணினியிலேயே உருவங்களைச் செய்யும் முறையிலும் உழைப்பு குறைவதில்லை. உருவத்துக்கு எலும்பும் மூட்டும் அமைக்க வேண்டும். முக்கிய நிலைகளை நிறுத்த வேண்டும். இடைப்பட்ட அசைவுகளைக் கணினி நிரப்பித் தரலாம். ஆனால் கிழவர் ஒருவர் எழுந்திருக்கும்போது முழங்காலில் தோன்றும் தயக்கத்தை அது தானாக அறியாது. அதைப் பார்த்துப் பழகிய மாணவர்தாம் கொடுக்க வேண்டும்.

பாரிஸ் நகரத்து முன்னோடி

இக்கலையின் முதல் காட்சியாளரின் வரலாறு நமக்கு ஒரு பாடம். 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று, பாரிஸ் நகரின் கிரெவன் அருங்காட்சியகத்தில் எமில் ரெய்னோ என்பவர் தாம் கையால் வரைந்து வண்ணந்தீட்டிய படங்களைத் திரையில் அசைய வைத்துக் காட்டினார். லூமியேர் சகோதரர்களின் புகழ்பெற்ற கட்டணத் திரைக்காட்சி அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே, 1895-இல் நடந்தது. ரெய்னோவின் ஒரு படத்தில் மட்டும் சுமார் 500 ஓவியங்கள். நீண்ட படச்சுருளை அவரே முன்னும் பின்னும் கையால் சுழற்றினார். 1900 வரை ஐந்து இலட்சம் பேர் அக்காட்சிகளைக் கண்டனர். அவரோ திரைக்குப் பின்னே நின்றார். எவரும் அவரைக் காணவில்லை. பின்னர் திரைப்படம் வளர, அவர் கலை மறக்கப்பட்டது. மனமுடைந்த அவர், தம் படச்சுருள்களுள் பெரும்பாலானவற்றைச் சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். இரண்டே எஞ்சின. அக்டோபர் 28 இன்று உலக அனிமேஷன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் ஆற்றோடு போனவை திரும்பவில்லை.

மாணவர் படைப்பு தக்கவர் கண்ணில் பட்டால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா கலைக் கல்லூரியில் பயின்ற டிம் பர்ட்டன், 1979-இல் பென்சில் ஓவியங்களால் ஒரு சிறு படம் செய்தார். அதைக் கண்ட டிஸ்னி நிறுவனம் அவரைப் பணிக்கு அழைத்தது. பின்னாளில் அவர் உலகறிந்த இயக்குநரானார். 1960-இல் தொடங்கிய பிரான்சின் அன்னசி அனிமேஷன் விழாவிலும், மாணவர்களின் பட்டப்படிப்புப் படங்களுக்கெனத் தனிப் போட்டியே உண்டு.

எவ்வாறு திட்டமிடுவது?

முதலாவதாக, ஏற்பாடு கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாக வேண்டும். முதற்கோடுகள், காட்சிகளை வரிசையாக வரைந்த கதைப்பலகை, தவறிப்போன முயற்சிகள் ஆகியவற்றை எறியாமல் காக்கும்படி மாணவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். கண்காட்சியன்று அவை திரையின் அருகிலேயே இடம்பெற வேண்டும். 24 ஓவியங்களை ஒரு சிறு கையேடாகத் தைத்து வைத்தால், வருவோர் விரலால் புரட்டி, தம் கையிலேயே ஓவியம் அசைவதைக் காண்பர். நீண்ட விளக்கவுரையைவிட இது மேலானது.

இரண்டாவதாக, ஒளியும் ஒலியும். திரைக்கு இருள் வேண்டும். சுவரொட்டிக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் இரண்டும் கெடும். பத்துத் திரைகளின் இசை ஒன்றோடொன்று மோதினால் அது சந்தைக்கடை ஆகிவிடும். தலையணி ஒலிக்கருவி கொடுக்கலாம். அல்லது ஒரு பெரிய திரையில் மணி குறித்துப் படங்களை வரிசையாகக் காட்டலாம். முதியோர் அமர நாற்காலிகளும் வேண்டும்.

மூன்றாவதாக, கருவிகள். வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ் எழுத்து, அவ்வெழுத்துரு இல்லாத வேறு கணினியில் வெறுங்கட்டங்களாக மாறிவிடக்கூடும். திரையின் நிறம் ஒளியால் ஆனது. அச்சின் நிறம் மையால் ஆனது. ஆதலால் திரையில் பளிச்சிட்ட நீலம் தாளில் மங்கலாம். முன்கூட்டியே ஒரு படி அச்சிட்டுப் பார்த்துவிடுவது நலம். மின்தடைக்கு மாற்று ஏற்பாடும், எல்லாப் படங்களையும் அதே கருவிகளில் ஓட்டிப் பார்க்க முதல்நாள் ஒரு முழு ஒத்திகையும் இன்றியமையாதவை.

நான்காவதாக, நேர்மை. ஒவ்வொரு படைப்பின் அருகிலும் எளிய தமிழில் ஓர் அட்டை இருக்கட்டும். உழைத்த அனைவர் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். பிறர் இசையை எடுத்தாண்டிருப்பின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். சொற்களைக் கொடுத்தால் படம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று வந்துவிட்டன. எது மாணவரின் கைவண்ணம், எது கருவியின் உதவி என்பதை மறையாது எழுதுவதே மாணவருக்குப் பெருமை.

இறுதியாக, பாதுகாப்பு. கண்காட்சி முடிந்ததும் ஒவ்வொரு படைப்பையும் இரண்டு படிகளாக, இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். ஒரு கணினி பழுதானால் ஓராண்டு உழைப்பு அழியும். அதற்குச் சேன் ஆறு தேவையில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பிள்ளைகள் கணினி முன் அமர்ந்திருப்பதைக் கண்டு நம்மில் பலர் மனம் புழுங்குகிறோம். விளையாட்டும் உழைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன, ஐயுறுவது இயல்பே. அவ்வையம் தீர நல்ல கண்காட்சியே தக்க இடம். அழைப்பிதழ் வந்தால், வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டுச் செல்வோம். நம் பங்கிலும் இத்தகைய கல்வி பயிலும் இளையோர் இருப்பின், பங்கு மண்டபத்தை ஒரு மாலை அவர்களுக்குத் திறந்துகொடுக்கலாம்.

நாம் கண்ட அந்தத் தாயின் கதை அங்கேயே முடியவில்லை. மகளின் தோழி ஒருத்தி பையைத் திறந்து, தாள்கட்டைத் தாயின் கையில் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார், வெகுநேரம் புரட்டினார். பிறகு, "அந்தப் படத்தை இன்னொரு தரம் போடும்மா" என்றார். படத்தின் நீளம் அதே ஒன்றரை நிமிடந்தான். இம்முறை மகள் திரைக்குப் பின்னே நிற்கவில்லை. தாயின் அருகில் நின்றாள்.