எதையும் தொடாவிட்டால் எந்த டிக்கெட்?

காகிதமில்லாத முன்பதிவற்ற டிக்கெட்டை ரயில்வே 2015 ஏப்ரல் 22 அன்று எழும்பூர்–தாம்பரம் தடத்தில் சோதனை முறையில் தொடங்கியது. கவுன்டரில் கால்கடுக்க நிற்காமல் செல்போனிலேயே டிக்கெட் என்றானது.

பயணிக்கு எல்லாமே டிக்கெட்தான். புரோகிராம் எழுதுபவருக்கு அப்படியில்லை. ஒற்றைப் பயணம் என்றால் புறப்படும் இடம், சேருமிடம், வகுப்பு, எத்தனை பேர் என்பதெல்லாம் வேண்டும். சீசன் டிக்கெட்டில் எத்தனை பேர் என்ற கேள்விக்கே இடமில்லை. எத்தனை மாதம் என்று கேட்க வேண்டும். பிளாட்பார டிக்கெட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதே அபத்தம். இவற்றில் ஏதோ ஒன்று, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விவரம் மட்டும் என்று எழுத உதவுவது ‘அல்ஜீப்ரயிக் டேட்டா டைப்’. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான ஹோப் மொழி இதற்கு முன்னோடி. ஹாஸ்கெல், ரஸ்ட், ஸ்விஃப்ட் எல்லாம் பின்னால் வந்தவை.

சரி, பயணி எதையும் தொடாமல் விட்டால்? ஒரு நபர், இரண்டாம் வகுப்பு என்று டிஃபால்டாக வைப்பதில் வம்பில்லை. எந்த வகை டிக்கெட் என்பதில்தான் சிக்கல்.

கோ மொழியில் மதிப்பு தராத எண் தானாகவே 0 ஆகிவிடும். டிக்கெட் வகைகளை 0, 1, 2 என்று வரிசைப்படுத்தி, முதலில் ஒற்றைப் பயணத்தை எழுதியிருந்தால் போச்சு. வெறும் படிவமும் ஒற்றைப் பயணம்தான். எழுதிய வரிசையே முடிவெடுத்துவிடுகிறது!

ரஸ்ட் இதில் கறார். 2022 ஜூனில் வந்த 1.62 பதிப்பிலிருந்து ஒரு வகையைக் காட்டி ‘இதுதான் டிஃபால்ட்’ என்று குறி வைக்கலாம், ஆனால் உள்ளே எந்த விவரமும் இல்லாத வகைக்கு மட்டும். பிளாட்பார டிக்கெட்கூடத் தேறாது. அதில் ஸ்டேஷன் பெயர் இருக்கிறதே. தாம்பரமா, சானடோரியமா என்று கம்பைலர் ஊகிக்காது. வேண்டுமானால் புரோகிராமரே கைப்பட எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ‘இன்னும் தேர்வாகவில்லை’ என்று தனி வகையைச் சேர்த்து அதையே டிஃபால்டாக்குவோரும் உண்டு. சாமர்த்தியம்தான், ஆனால் கட்டணம் கணக்கிடும் இடத்திலும் பரிசோதிக்கும் இடத்திலும் அந்த வெற்று டிக்கெட்டுக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

2025 ஏப்ரல் 19 முதல் எழும்பூர்–தாம்பரம் தடத்தில் ஏசி மின்ரயிலும் ஓடுகிறது. வகுப்புப் பட்டியலில் ஏசியைச் சேர்த்தால், ‘மற்றதெல்லாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைக்காத வரை, விடுபட்ட இடங்களை ரஸ்ட் கம்பைலர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். டிஃபால்ட் மட்டும் பழைய இரண்டாம் வகுப்பிலேயே நிற்கும். அதை மாற்ற வேண்டுமா என்று கம்பைலர் கேட்பதில்லை.