காருக்கு ஏற்ற பெட்ரோல் எது?

பத்தாம் வகுப்பு மாணவி

'விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும்' என்பது பெரியோர் வாக்கு. அது மனிதருக்கு மட்டுமன்று, மோட்டார் காருக்கும் பொருந்தும் என்பதை என் சித்தப்பாவின் காரிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். அதை என் அன்புத் தோழியருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் என் சித்தப்பா, 2022ஆம் ஆண்டு கோடையில் ஒரு பழைய கார் வாங்கினார். நான் அப்போது ஆறாம் வகுப்பை முடித்திருந்தேன். சிவப்பு நிறம், டர்போ பொருத்திய எஞ்சின், சீறிப் பாயும் ரகம். மே மாதத்தில் ஒரு திருமணத்திற்காக நாங்கள் ஐந்து பேர் அதில் திருச்சுழிக்குப் புறப்பட்டோம். நண்பகல் நேரம். இருபுறமும் கரிசல் காடு. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சித்தப்பா ஆக்சிலரேட்டரை மிதித்தபோதெல்லாம், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வண்டியின் இழுவையும் குறைந்தது.

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "இந்த மாதிரிக் காருக்கெல்லாம் நூறு ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றணும்" என்றார் ஒருவர். "ஆக்டேன் பூஸ்டர் என்று புட்டியில் விற்கிறார்கள், வாங்கி ஊற்றுங்கள்" என்றார் மற்றொருவர். சித்தப்பா புட்டி புட்டியாக வாங்கினார். சித்தியின் சிறுவாட்டுப் பணத்திலும் கை வைத்தார். அது தம்பியின் பள்ளிக் கட்டணத்திற்கென்று சித்தி சேர்த்த பணம். "காருக்குக் கஷாயம் வாங்கியே வீடு காலியாகப் போகிறது" என்று சித்தி கண் கலங்கினார்.

அந்தச் சத்தத்திற்கு மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று பெயர் சொல்கிறார்கள். அது ஏன் வருகிறது என்பது இந்த ஆண்டுதான் எனக்குப் புரிந்தது. 'கார்பனும் அதன் சேர்மங்களும்' என்ற பாடத்தை நடத்தும்போது எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் அதை விளக்கினார்கள்.

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அக்கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் போது பம்பு சூடாவதை நாம் அறிவோம். அவ்வாறே நெருக்கப்பட்ட கலவையும் சூடேறுகிறது. சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விட, அங்கிருந்து நெருப்பு சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் வெப்பமும் அழுத்தமும் மிகுந்துவிட்டால், நெருப்பு தன்னிடம் வந்து சேரும்முன்பே மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடுகிறது.

நமக்கு அண்டையில்தானே சிவகாசி இருக்கிறது! சரவெடியை முறையாகக் கொளுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். சரம் முழுவதையும் நெருப்பில் போட்டால்? எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும் அல்லவா? நாக்கிங்கும் அப்படிப்பட்டதே. அது கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டனே உடைந்து போகும். இக்காலக் கார்களில் நாக்கிங்கை உணரும் சென்சார் உண்டு. அது பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காக்கிறது. அதனால் இழுவை குறைகிறது. சித்தப்பாவின் காருக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்வாறு முந்திக்கொண்டு வெடிக்காமல் பொறுத்திருக்கும் ஆற்றலின் அளவே ஆக்டேன் எண். 1926இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் கிரஹாம் எட்கர் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். எளிதில் முந்தி வெடிக்கும் ஹெப்டேனுக்குச் சுழி. நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. ஒரு பெட்ரோலைச் சோதனை எஞ்சினில் ஓட்டிப் பார்க்கும்போது, 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல அது நடந்துகொண்டால், அதன் எண் 91.

அமெரிக்காவில் உள்ள உறவினர் தம் காருக்கு 87 போதும் என்று சொன்னால் திகைக்க வேண்டாம். அங்கே இருவகைச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறத்தாழ நம் 91க்குச் சமம்.

இங்கே ஒன்றை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலின் சக்தி கூடிவிடாது, பொறுமைதான் கூடும். பந்தயக் கார்களின் எஞ்சின் கலவையை மிகுதியாக நெருக்குவதால் அவற்றிற்கு அந்தப் பொறுமை தேவை. டர்போ எஞ்சினும் காற்றைக் கூடுதலாகத் திணிப்பதால் அதற்கும் தேவைப்படலாம். சாதாரணச் சிறிய காருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சித்தப்பாவின் பேச்சைக் கேட்டு என் தந்தையாரும் எங்கள் சிறிய காருக்கு இரண்டு மாதம் விலை உயர்ந்த பெட்ரோல் ஊற்றினார். கார் வேகமாகவும் ஓடவில்லை, கூடுதல் மைலேஜும் தரவில்லை. பணம் மட்டுமே வேகமாக ஓடிற்று!

கடைசியில் சித்தப்பாவின் குழப்பத்தைத் தீர்த்தவர் வயதான ஒரு மெக்கானிக். "அண்ணாச்சி, பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்தீகளா?" என்று அவர் கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. தூசியைத் துடைத்தபோது, 'குறைந்தது 95' என்று சிறு எழுத்தில் இருந்தது. அந்நாளில் பங்குகளில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. அருகில் கிடைத்த 95 போதுமானதாக இருந்தது. ரேடியேட்டரில் நீர் குறைந்திருந்ததையும் அவர் கண்டுபிடித்துச் சரி செய்தார். எஞ்சின் மிகையாகச் சூடானாலும் நாக்கிங் வரும் அல்லவா?

நம் வறண்ட பூமியின் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. உள்ளே நுழையும் காற்றே சூடாக இருந்தால் நாக்கிங் எளிதில் வரும். டர்போ இல்லாத அதே கார், காற்று குளிர்ந்தும் அடர்த்தி குறைந்தும் உள்ள கொடைக்கானலில் சத்தமின்றி ஓடக்கூடும். ஆகவே வெயில் நேரத்தில், உயர் கியரில் வைத்துக்கொண்டு மெதுவாகச் செல்லும் வண்டியைத் திடீரென்று விரட்டக் கூடாது.

நாக்கிங்கைத் தடுக்க மனிதன் செய்த ஒரு பெரும் பிழையையும் இங்கே கூற வேண்டும். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் நிற்பதைக் கண்டார். உலகமெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் பரவிற்று. ஆனால் புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் அதுவே விற்கப்படுகிறது. கார்களுக்கு ஈய பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்தியது. எஞ்சினின் நலத்துக்காகக் குழந்தைகளின் நலம் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் பலியிடப்பட்டது என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இன்னொரு செய்தி நம் பகுதியினருக்கு வியப்பூட்டும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பேருந்துகள் அடுப்புக்கரியிலிருந்து உண்டாக்கிய வாயுவில் ஓடின. அதற்கான கருவிகளை மதுரை டி.வி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்தது. நம் பக்கத்தில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கிறார்களே, அதுபோன்ற கரியேதான்! அந்த வாயு நாக்கிங்கை நன்கு தாங்கும். ஆனால் பெட்ரோலைவிட இழுவை குறைவு. பொறுமை வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சென்ற ஆண்டு சித்தப்பா தொலைபேசியில் என்னிடமே கேட்டார்: "தாயி, இப்போ சாதா பெட்ரோலே 95 ஆமே, அதையே போடலாமா?" அவர் கேட்டது சரிதான். கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் 20 சதவீதம் கலப்பதால் பெட்ரோலின் ஆக்டேன் எண் 95 ஆகியிருப்பதாக 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் அறிவித்தது. ஆனால் எத்தனாலின் சக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. மேலும், பழைய வண்டிகளின் சில ரப்பர் பாகங்களை அது கெடுக்கலாம். எனவே, "எண் மட்டும் போதாது சித்தப்பா, சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள்" என்றேன். அங்கே சோதித்து, இறுகிப்போன ஒரு குழாயை மாற்றினார்கள். இன்று அந்தக் கார் சாதாரண பெட்ரோலிலேயே சத்தமின்றி ஓடுகிறது. மைலேஜ் சற்றுக் குறைவுதான். ஆயினும் மிச்சமாகும் பணம் சித்தியின் டப்பாவுக்கே திரும்பி வருகிறது.

அன்புத் தோழியரே! பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் படியுங்கள். குறிப்பிட்ட எண்ணுக்குக் குறையாதீர்கள். தேவையின்றிக் கூட்டவும் வேண்டாம். சத்தம் வந்தால் முதலில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். விலை உயர்ந்ததெல்லாம் சிறந்ததன்று. தேவைக்குப் பொருந்துவதே சிறந்தது. காருக்கு மட்டுமா இது பொருந்தும்? சிந்திப்போமாக!