லினக்ஸா, விண்டோஸா? உங்க சர்வருக்கு எது செட் ஆகும்?

தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஐடி வேலை என்றாலே சென்னைக்கு பஸ் ஏறணும் என்ற நிலை டெல்டாவில் மெல்ல மாறுகிறது. ஊரிலேயே ஸ்டார்ட்-அப் தொடங்குபவரும் சரி, ரைஸ் மில் கணக்கை கம்ப்யூட்டருக்கு மாற்றுபவரும் சரி, ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆகணும்: சர்வரில் எந்த ஓ.எஸ் போடுறது?

சர்வர்னா என்ன?

மற்ற கம்ப்யூட்டர்களும் மொபைல்களும் கேட்கும் தகவலை இரவு பகலாக எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர். சம்பா அறுவடை நேரத்தில் மில் சர்வர் படுத்துவிட்டால் எடை மேடையில் பில் வராது. வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டும்.

லினக்ஸ் பக்கம் என்ன பலம்?

டெபியன், உபுண்டு போன்றவற்றுக்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது. டெஸ்க்டாப் திரை இல்லாமலே ஓடும் என்பதால் குறைந்த ரேம் போதும். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

அப்போ விண்டோஸ் எதுக்கு?

விண்டோஸ் சர்வருக்கு பிராசசர் கோர் கணக்கில் பணம் கட்டணும், குறைந்தது 16 கோருக்கு. பயன்படுத்தும் ஆட்களுக்கோ கருவிகளுக்கோ தனி லைசென்ஸும் வேணும். ஆனால் நம்ம ஊர் கடைகளும் மில்களும் நம்பியிருக்கும் டேலி, விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். அதை விட்டுவிட்டு ஓ.எஸ்ஸை மட்டும் மாற்ற முடியாது.

தமிழ்நாடு அரசு என்ன செய்தது?

உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 காலகட்டத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. உங்களில் எத்தனை பேர் அந்த பாஸ் பக்கம் போனீங்க? கையில் இருப்பது மட்டும் போதாது. சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேணும்.

ஓ.எஸ்ஸுக்கும் எக்ஸ்பைரி உண்டு

இலவசம் என்பதற்காக பலரும் நம்பிப் போட்டது சென்ட்ஓஎஸ். அதன் 8-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும் என்றிருந்தது. 2020 டிசம்பரில் திட்டம் மாறி, 2021 டிசம்பர் 31-உடன் அது முடிந்தது. ராக்கி, ஆல்மா என்ற மாற்று லினக்ஸ்கள் பிறந்தது அதனால்தான். காசு கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்: விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபர் 10-உடன் நின்றது. அப்டேட் நின்ற பிறகும் சர்வர் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

சரி, எதை எடுக்கலாம்?

வெப்சைட், ஆப், டேட்டாபேஸ் என்றால் லினக்ஸ் போதும். க்ளவுடில் வாடகைக்கு எடுத்தாலும் விண்டோஸுக்கு லைசென்ஸ் பணம் கூடுதலாகச் சேரும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்தான் உயிர்நாடி என்றால், விண்டோஸ் செலவை பட்ஜெட்டிலேயே சேர்த்துடுங்க.

எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி முக்கியம். அப்டேட் எந்த வருஷம் வரை வரும்? ராத்திரி 10 மணிக்கு சர்வர் நின்றால் சரிசெய்ய யார் வருவார்? இரண்டாவதுக்குப் பதில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல ஓ.எஸ் போட்டும் பயனில்லை.