கார்ட்லெஸ்ஸில் ஒலிக்கும் செல்போன்

வெளியில் கிளம்பும்போது செல்போனை யாரும் மறப்பதில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அது கையை விட்டுப் போகிறது. மாடியறையில் சார்ஜரில் மாட்டிக் கிடக்கும். ஆள் அடுப்படியில் இருப்பார். மணிச்சத்தம் காதில் விழுந்து, படியேறிப் போய் எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். இளையவர்களுக்கு இது சின்னத் தொந்தரவு. முழங்கால் வலியோடு இருக்கும் எழுபது வயதுக்காரருக்கோ அந்த அவசரம் கீழே விழுவதில்கூட முடியலாம்.

தரைவழி போனுக்கு இருந்த இதே சிக்கலைக் கார்ட்லெஸ் என்றோ தீர்த்துவைத்துவிட்டது. ஹாலில் ஒரு பேஸ், அறைக்கு ஒரு ஹேண்ட்செட். அந்த வசதியைச் செல்போனுக்கும் கொடுக்க முடியும். ப்ளூடூத் உள்ள கார்ட்லெஸ் பேஸோடு செல்போனை இணைத்துவிட்டால், செல்போனுக்கு வரும் அழைப்பு வீட்டிலுள்ள எல்லா ஹேண்ட்செட்டிலும் ஒலிக்கும். எந்த அறையிலிருந்தும் எடுத்துப் பேசலாம். ஹேண்ட்செட்டிலிருந்தே வெளியே கூப்பிடவும் செய்யலாம். எதிர்முனைக்குத் தெரிவது செல்போன் எண்தான், கட்டணமும் செல்போன் திட்டத்தில்தான்.

பானாசோனிக் 'லிங்க் டு செல்', விடெக் 'கனெக்ட் டு செல்' என்ற பெயர்களில் இத்தகைய போன்கள் அமெரிக்காவில் பரவலாக விற்கின்றன. அங்கே இதற்குத் தேவை இருந்தது. தரைவழி இணைப்பே இல்லாமல் செல்போன் மட்டும் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் உடல்நலக் கணக்கெடுப்போடு சேர்த்தே கேட்டு வருகிறது. 2010-ன் பிற்பாதியில் அத்தகைய வீடுகள் 29.7 விழுக்காடு, 2016-ன் பிற்பாதியில் 50.8 விழுக்காடு. லைனைத் துண்டித்த பிறகும் அறைக்கு அறை வைத்துப் பழகிய ஹேண்ட்செட்டுகளுக்கு ஒரு வேலை வேண்டுமே! இதற்கு முன்பே 2005-ல் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 'பி.டி. ஃபியூஷன்' என்ற சேவையை இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் வழி வேறு: செல்போன் வீட்டுக்குள் வந்ததும் அழைப்பை ப்ளூடூத் மூலம் வீட்டு பிராட்பேண்டுக்கு மாற்றிவிடும். அதற்கென்று தனி செல்போன் வாங்க வேண்டியிருந்தது, சேவை நிலைக்கவில்லை. கையில் இருக்கிற செல்போனை அப்படியே ஏற்றுக்கொண்ட கார்ட்லெஸ்தான் நின்றது.

இந்தப் பெட்டிக்குள் நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நல்ல ஆள்மாறாட்டம். வீட்டில் கார்ட்லெஸ் பேஸ் ஒன்று இருக்கிறது என்பது செல்போனுக்குத் தெரியவே தெரியாது. காரில் உள்ள ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியோடு இணைந்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. கார் ஓட்டும்போது கையில் போனைத் தொடாமல் பேசுவதற்கென்று ப்ளூடூத் அமைப்பின் கார் பிரிவினர் உருவாக்கிய விதிமுறைக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ புரொஃபைல் என்று பெயர். ப்ளூடூத் உள்ள செல்போன்களில் பொதுவாக அது உண்டு. கார்ட்லெஸ் தயாரிப்பாளர்கள் செய்ததெல்லாம், தங்கள் பேஸை அந்த விதிமுறைப்படி நடந்துகொள்ளச் சொன்னதுதான். செல்போனில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை, எந்த ஆப்பும் வேண்டியதில்லை.

அழைப்பு வரும் அந்த ஓரிரு நொடிகளைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். செல்போன் பேஸுக்கு 'ரிங்' என்ற சொல்லை எழுத்தாகவே அனுப்புகிறது. தொடர்ந்து இன்னொரு வரியில் அழைப்பவரின் எண் போகிறது. பேஸ் அதைத் தன் நினைவகத்தில் உள்ள தொலைபேசிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பெயர் இருந்தால் அதை ஹேண்ட்செட்டின் திரைக்கு அனுப்புகிறது. (செல்போனின் பட்டியலை ப்ளூடூத் வழியாகவே முன்கூட்டி இறக்கிக்கொள்ளும் மாடல்கள் பல உண்டு.) நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் பேஸ் செல்போனுக்குத் திருப்பி அனுப்புவது மூன்றே எழுத்து: ஏ, டி, ஏ. 'அழைப்பை எடு' என்று பொருள். செல்போன் உடனே அழைப்பை எடுத்து, குரலுக்கென்று தனியாக ஒரு தடத்தைத் திறக்கிறது.

இந்தக் கட்டளை மொழி ப்ளூடூத்தை விட வயதில் மூத்தது. 1981-ல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் தன் 'ஸ்மார்ட்மோடம்' கருவிக்காக வகுத்தது. கணினி மோடத்துக்குக் கொடுத்த கட்டளைகளை, நாற்பது ஆண்டு கழித்தும் சமையலறையில் இருக்கும் ஹேண்ட்செட் செல்போனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தெளிவாக வகுத்த ஒரு பொது விதிமுறை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வானொலி அலைகள் வேலை செய்கின்றன. செல்போனுக்கும் பேஸுக்கும் இடையே ப்ளூடூத். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-ல் யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் தொடங்கிய பணி அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசும். அதே அலைவரிசையில்தான் வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. தாவிக்கொண்டே இருப்பதால் இரைச்சலுள்ள தடத்தில் அது சிக்கி நிற்பதில்லை. ஆனால் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர்தான். சுவர் குறுக்கே வந்தால் அதுவும் குறையும்.

பேஸிலிருந்து ஹேண்ட்செட்டுக்குப் போவது டெக்ட். ஐரோப்பிய தொலைத்தொடர்பு தரநிலை நிறுவனம் 1992-ல் வெளியிட்ட தரநிலை இது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை பத்துத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கை 24 துண்டுகளாக நறுக்கி, கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல, ஹேண்ட்செட்டுக்கு ஹேண்ட்செட் முறை வைத்துக் கொடுக்கிறார்கள். 12 துண்டு போக, 12 துண்டு வர. எந்தத் தடம் காலியாக இருக்கிறது என்பதைக் கருவியே பார்த்து எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் 50 மீட்டர், திறந்த வெளியில் 300 மீட்டர் வரை எட்டும். வைஃபையோடு மோதாத தனி அலைவரிசை என்பதால் குரல் இடறுவதில்லை.

டெக்ட் தொழில்நுட்பத்துக்குச் சென்னையோடு ஒரு பெருமைக்குரிய தொடர்பு உண்டு. ஒரு வீட்டுக்குள் பேசுவதற்கென்று பிறந்த இதையே ஊர்விட்டு ஊர் போன் கொடுக்கப் பயன்படுத்தலாம் என்று சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் 'டெனெட்' குழுவினர் 1990-களில் செய்து காட்டினார்கள். 'கார்டெக்ட்' என்ற அந்த அமைப்பு கம்பி இழுக்காமல் பத்து கிலோமீட்டர் தொலைவு வரை தொலைபேசியும், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் கொடுத்தது. கம்பி போகாத கிராமங்களுக்கு அது அன்று பெரிய காரியம்.

சரி, இவ்வளவு கைமாறி வரும் குரல் எப்படி இருக்கும்? கொஞ்சம் குறையத்தான் செய்யும், இதை மறைக்க வேண்டியதில்லை. செல்போன் வலைப்பின்னல் ஒரு முறையில் குரலைச் சுருக்குகிறது. ப்ளூடூத் அதை விரித்து வேறு முறையில் சுருக்குகிறது. பேஸ் மறுபடி விரித்து டெக்ட்டுக்காக நொடிக்கு 32 கிலோபிட் அளவுக்குச் சுருக்குகிறது. இன்றைய 4ஜி அழைப்பில் 7000 ஹெர்ட்ஸ் வரையுள்ள குரல் வருகிறது. சாதாரண கார்ட்லெஸ்ஸில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது வெட்டுப்பட்டுவிடும். 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் மங்கும். பழைய லேண்ட்லைன் குரலின் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு தடைப்படாது, ஆனால் பேரனின் குரல் பக்கத்தில் இருப்பதுபோல் கேட்க வேண்டுமானால் செல்போனைக் காதில் வைப்பதே மேல்.

இந்த இழப்பை ஈடுகட்டும் ஆதாயம் சிக்னலில் இருக்கிறது. கான்கிரீட் கூரையும் அதற்குள்ளிருக்கும் இரும்புக் கம்பியும் செல்போன் அலையை நன்றாகவே தடுக்கும். வெளி ஜன்னலருகே மைனஸ் 80 டெசிபல் மில்லிவாட் இருக்கும் சிக்னல் உள்ளறையில் மைனஸ் 110-க்கு இறங்கினால், அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். கோபுரத்துக்குக் கேட்கும்படி பேச செல்போன் தன் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரி வேகமாகத் தீரும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரத்தில் செல்போனையும் பேஸையும் அருகருகே வைத்துவிட்டு, ஹேண்ட்செட்டோடு உள்ளறைக்குப் போனால் இரண்டு சிக்கலும் தீரும். பேஸை வைக்கும் இடத்தை மேசை அழகைப் பார்த்துத் தீர்மானிக்காமல், சிக்னலைப் பார்த்துத் தீர்மானிப்பதே சரி.

முதியவர்களுக்கு இது வேறொரு வகையிலும் உதவும். தொடுதிரை நம் தோலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. வயதாகி வறண்ட, காய்த்துப்போன விரல்களை அது பல நேரம் உணர்வதே இல்லை. அழைப்பு ஒலித்துக்கொண்டே இருக்க, திரையில் விரலை இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்துபோகும் பெரியவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அது அவர்கள் தவறல்ல. அழுத்தினால் உள்ளே போகும் பெரிய பொத்தானும், கூட்டி வைக்கக்கூடிய உரத்த ஒலியும் உள்ள ஹேண்ட்செட் அவர்களுக்குத் தன்மானத்தோடு பேச வழி செய்கிறது.

ப்ளூடூத் இல்லாத பழைய கார்ட்லெஸ்தான் வீட்டில் இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. ஒரு பக்கம் ப்ளூடூத்தும் மறுபக்கம் சாதாரண போன் சாக்கெட்டும் உள்ள சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. அந்தப் பெட்டி ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். போனுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைத் தருகிறது, டயல் டோன் தருகிறது, மணியடிக்கத் தனி மாறுமின்சாரம் அனுப்புகிறது, நீங்கள் அழுத்தும் பொத்தானின் ஒலியைக் கேட்டு எண்ணைப் புரிந்துகொள்கிறது. ஐந்தை அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து வருமே, அதை வைத்துத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: டெலிபோன் லைனிலிருந்தோ ஃபைபர் மோடத்தின் போன் சாக்கெட்டிலிருந்தோ வரும் வயரில் இந்தப் பெட்டியைச் சேர்க்கக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் மின்னழுத்தம் வந்து மோதும்.

மின்சாரம் போனால் பேஸும் போகும். செல்போன் பிழைத்துக்கொள்ளும் என்பதால் பெரிய பாதகமில்லை. ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேஸையும் அதில் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகள் சில செல்போன்களில் ஹேண்ட்செட்டுக்கு வரும், சிலவற்றில் வராது. காதில் ப்ளூடூத் இயர்போன் மாட்டியிருந்தாலோ, கார் போர்டிகோவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலோ, பேச்சு அங்கே போய்விடும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், மலிவான ஒரு லேப்டாப் அட்டையைக் கொண்டு டெக்ட் உரையாடல்களை ஒட்டுக்கேட்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அன்றைய போன்கள் பலவற்றில் குறியாக்கமே செய்யப்படாமல் இருந்தது. பிறகு தரநிலை இறுக்கப்பட்டது. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் போன்றவற்றை மிகப் பழைய கார்ட்லெஸ்ஸில் பேசாமலிருப்பது நல்லது.

கடைசியாக, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் விற்கும் கார்ட்லெஸ் பெட்டியில் 'டெக்ட் 6.0' என்று போட்டிருக்கும். 6.0 என்பது வெறும் விற்பனைப் பெயர். அது இயங்குவது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில். அங்கே அந்த இடம் கார்ட்லெஸ்ஸுக்கென்று ஒதுக்கப்பட்டது. இந்தியாவிலோ அது, செல்போன்கள் கோபுரத்தோடு பேசுவதற்கான 1920 முதல் 1980 வரையுள்ள அலைவரிசைக்குள் வருகிறது. அந்த பேஸை நம் வீட்டில் செருகினால், அக்கம்பக்கத்துச் செல்போன்களின் குரலைக் கோபுரம் கேட்க முடியாமல் போகலாம். ஒரு வீட்டுக் கருவியால் தெருவே அவதிப்படலாம். ஊருக்கு வரும்போது அதை வாங்கி வர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்திருந்தால் மின்சாரத்தில் செருகாதீர்கள். இங்கே வாங்கும்போது, இந்தியாவில் விற்க அனுமதி பெற்ற மாடலா, ப்ளூடூத் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் உங்கள் செல்போனை அங்கேயே இணைத்துப் பேசிப் பார்த்து வாங்குங்கள்.